யப்பானின் சிறு பட்டாலைகளும் அறிவின் உள்வாங்கலும் (1872 – 1939)

தொழில் முயற்சியொன்றின் வெற்றி தோல்விகளை ஆராய்வோர் மூலதனம், உழைப்பு, சந்தை என்னும் மூன்றினையுமே பெரும்பாலும் அளவுகோல்களாகக் கொள்வர். ஆயின், ஒத்த மூலதனமும் ஒத்த சந்தையும் வாய்த்த இரு முயற்சிகளுள் ஒன்று தழைக்க மற்றையது நலிவதேன் என்னும் வினாவுக்கு இவை முழு விடை தருவனவல்ல. சில வேளைகளில் மூலதனம் குன்றிய சிறு முயற்சி நிலைத்து நிற்க, அரச ஆதரவு பெற்ற பெருமுயற்சி தடுமாறுவதையும் வரலாற்றிற் காண்கின்றோம். இத்தகைய இடங்களில் நான்காவது காரணியொன்றைத் தேட வேண்டியுள்ளது. புறத்தேயிருந்து வரும் அறிவை இனங்கண்டு, தன்வயமாக்கி, பயன்கொள்ளும் ஆற்றலே அது. 1990ஆம் ஆண்டில் வெஸ்லி கொகென், டானியல் லெவிந்தால் என்னும் ஆய்வாளர் இருவர் இதனை 'உள்வாங்கும் ஆற்றல்' என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினர். ஒரு நிறுவனம் முன்னரே பெற்றிருக்கும் அறிவுதான் புதிய அறிவு பற்றிப் படர்வதற்கான கொழுகொம்பு என்பது அவர்தம் கருத்தின் சாரமாகும்.

பெயர் புதிதாயினும் பொருள் பழையது. யப்பானின் பட்டுக் கைத்தொழில் மெயிஜி காலத்தில் அடைந்த மாற்றம் இதற்குச் சிறந்த சான்றாகும். அரசாங்கம் பெரும் பொருட்செலவில் நிறுவிய ஆலையொன்றும், மலைநாட்டுக் கிராமத்தவர் மரத்தையும் மண்ணையும் கொண்டு அமைத்த சிற்றாலைகளும் ஒரே அறிவை எவ்வாறு வெவ்வேறு வகையிற் கையாண்டன என்பதையும், அந்த அறிவைத் தம் விரல்களிற் சுமந்த பெண்கள் பெற்றதும் இழந்ததும் யாவை என்பதையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

துறைமுகம் திறந்தமையும் தரம் தாழ்ந்தமையும்

1859ஆம் ஆண்டில் யொக்கோகாமாத் துறைமுகம் அந்நிய வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அக்காலத்திற் பிரான்சிலும் இத்தாலியிலும் பட்டுப்புழுக்களைக் கொள்ளைநோயொன்று தாக்கியிருந்தது. ஐரோப்பிய நெசவாளர் மூலப்பட்டுக்கும், வணிகர் நோயற்ற புழு முட்டைகளுக்கும் கீழைத்தேயத்தை நாடினர். யப்பானியப் பட்டின் விலை ஏறியது. உழவர் வீடுகளில் நூல் பிரிக்கும் தொழில் விரிந்தது.

ஆயினும் இவ்வாய்ப்பே ஓர் இடருக்கும் வித்திட்டது. விற்பனை எளிதாயிருந்தமையால் அவசரமாகப் பிரித்த தடிப்பு வேறுபட்ட நூலும், முடிச்சும் கழிவும் மலிந்த நூலும் சந்தைக்கு வந்தன. ஐரோப்பிய நோய் தணியத் தொடங்கியதும் யப்பானிய நூலின் குறைகள் வெளிப்பட்டன. இழை ஒரே சீராக இல்லாத நூல், விரைவாக இயங்கும் தறியில் அறுந்து போகும். தறி நிற்கும் ஒவ்வொரு கணமும் நெசவாளனுக்கு நட்டமாகும். எனவே, சீரான நூலைப் பெருமளவில் ஆக்குவது எவ்வாறு என்பதே யப்பானியர் தீர்க்கவேண்டிய சிக்கலாயிற்று.

இச்சிக்கலை விளங்கிக்கொள்ள நூல் பிரிக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். பட்டுக்கூடுகளைச் சுடுநீரில் இட்டதும் இழைகளை ஒட்டியிருக்கும் பசை இளகும். தொழிலாளி பல கூடுகளின் இழை முனைகளைக் கண்டெடுத்து, ஒன்றாகச் சேர்த்து, சுழலும் இராட்டினத்திற் சுற்ற வேண்டும். ஒரு கூட்டின் இழை தீரும்போது, நூல் மெலியுமுன்னர் வேறொரு கூட்டின் இழையைத் தொடுக்க வேண்டும். ஒரு கூட்டின் இழை தொடக்கத்தில் ஒரு தடிப்பும் முடிவில் வேறொரு தடிப்பும் உடையது. ஆகவே நூலின் சீர்மை, கண்ணின் கூர்மையிலும் விரலின் நுண்ணுணர்விலும் தங்கியிருந்தது. இயந்திரம் இராட்டினத்தைச் சுழற்றியது. நூலை ஆக்கியவை பெண்களின் விரல்களே.

டொமியோக்கா: அரசின் மாதிரி ஆலை

1872ஆம் ஆண்டில் குன்மா மாகாணத்து டொமியோக்காவில் அரசாங்க மாதிரிப் பட்டாலை இயங்கத் தொடங்கிற்று. பிரெஞ்சு நாட்டவரான போல் புருனா அதன் அமைப்புக்குப் பொறுப்பாயிருந்தார். முந்நூறு கொப்பரைகள், நீராவிப் பொறி, செங்கற் சுவர்கள், பிரான்சிலிருந்து தருவிக்கப்பட்ட உலோகச் சாதனங்கள் என யாவும் அக்கால யப்பானியருட் பெரும்பாலோர் முன்பு காணாதனவாய் இருந்தன. பிரெஞ்சுப் பெண்கள் நூல் பிரிக்கும் முறையைக் கற்பித்தனர்.

ஈண்டுக் கற்பிக்க வந்தவரும் கற்றனர் என்பது நோக்கத்தக்கது. யப்பானின் காற்று ஈரம் மிகுந்தது. அங்கு நூலைப் பெரிய இராட்டினத்தில் நேரடியாகச் சுற்றினால் பசை காயுமுன் இழைகள் ஒட்டிக்கொள்ளும். எனவே, சிறிய இராட்டினத்தில் முதலிற் சுற்றி, பின்னர் பெரியதொன்றில் மறுமுறை சுற்றும் ஒழுங்கைப் புருனா அமைத்தார். யப்பானியப் பெண்களின் உயரத்துக்கேற்பச் சாதனங்களின் அளவும் மாற்றப்பட்டது.

ஆலை எழுந்ததும் ஆட்சேர்ப்பு கடினமாயிற்று. அந்நியர் அருந்திய செந்நிற மதுவை மக்கள் குருதியென எண்ணியமையால், டொமியோக்காவுக்குச் செல்லும் பெண்களின் இரத்தத்தை அவர்கள் குடிப்பர் என்னும் வதந்தி பரவியிருந்தது. ஆலையின் முதல் முகாமையாளர் ஒடக்கா அட்சுதடா தம் மகளையே முதற்றொழிலாளியாகச் சேர்த்து அவ்வச்சத்தைப் போக்க முயன்றார். அவ்வாறே, நகானோ மாகாணத்து மட்சுஷிரோவில் எவரும் முன்வராத வேளையில், யொகோத்தா என்னும் அலுவலர் தம் மகள் எய்யை அனுப்பினார். அதன்பின் வேறு பெண்களும் உடன்செல்ல இசைந்தனர். 1873இல் டொமியோக்கா சேர்ந்த எய் பிற்காலத்தில் வாடா எய் எனப் பெயர் பெற்றார். 1907 முதல் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் இவ்வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

டொமியோக்காவில் வேலைநேரம் சராசரி எட்டு மணித்தியாலத்துக்கு உட்பட்டது. ஞாயிறு ஓய்வு நாள். மருத்துவ வசதியும் இருந்தது. ஆயினும், இலாபம் ஈட்டும் ஆலையாக அது நிலையான வெற்றி காணவில்லை. கட்டடமும் சாதனமும் மிகுந்த விலையின. அந்நியர் ஊதியமும் பெரிது. 1893இல் அரசாங்கம் அதனை மிட்சுயி நிறுவனத்துக்கு விற்றது. ஆலையென்ற வகையில் அது தடுமாறியது. பள்ளியென்ற வகையிற் பெரும்பணி ஆற்றியது. பல மாகாணங்களிலிருந்து வந்து பயின்ற பெண்கள் தத்தம் ஊர் திரும்பிக் கற்பித்தனர்.

மரமும் மண்ணும் கொண்டு கற்றமை

எய்யும் தோழியரும் 1874இல் ஊர் திரும்பினர். அவ்வாண்டில் மட்சுஷிரோவை அடுத்து ரொக்கோஷா என்னும் ஐம்பது கொப்பரை கொண்ட தனியார் ஆலை தொடங்கப்பட்டது. டொமியோக்காவில் உலோகத்தாலிருந்த உறுப்புகள் பல இங்கு மரத்தாலாகியிருந்தன. தரையும் வெறும் மண்தரையே. பளபளக்கும் சாதனங்களிற் பழகிய பெண்களுக்கு இது ஏமாற்றமளித்தது. எனினும் நூலைச் சீராகப் பிரிக்கும் நுட்பம் அவர்களின் விரல்களில் இருந்தது. அளவை நாடுவதா, தரத்தைப் பேணுவதா என்னும் கருத்து வேற்றுமை ஆலைக்குள் எழுந்தபோது, தாம் கற்ற முறையையே அவர்கள் வற்புறுத்தினர். அவர்களின் நூல் யொக்கோகாமாவில் மதிப்புப் பெற்றது. கொண்டுவர முடியாத இயந்திரத்தை விட்டு, கொண்டுவரக்கூடிய அறிவைக் கொண்டுவந்தமையே ரொக்கோஷாவின் சிறப்பாகும்.

இதே மாகாணத்தின் சுவா ஏரிக்கரையில் இதனினும் துணிவான முயற்சியொன்று நிகழ்ந்தது. ஓனோ வணிகக் குழுமம் இத்தாலிய முறையைத் தழுவிய ஆலையொன்றை அப்பகுதியில் 1872இல் நிறுவியிருந்தது. பிரெஞ்சு முறையில் இரு நூல்களை ஒன்றோடொன்று முறுக்கி நீரையும் பசையையும் பிழிவர். இத்தாலிய முறையில் ஒரு நூலைத் தன்மீதே முறுக்கிப் பிழிவர். முன்னையதில் ஒரு நூல் அறுந்தால் மற்றையதும் பழுதுறும்; பின்னையதில் அவ்விடர் குறைவு. ஹிரானோக் கிராமத்துத் தாக்கெய் தாய்ஜிரோவும் கூட்டாளிகளும் 1875இல் நிறுவிய நக்கயாமாஷா ஆலை, பிரெஞ்சு முறையிலிருந்து சிலவற்றையும் இத்தாலிய முறையிலிருந்து சிலவற்றையும் தெரிந்தெடுத்தது. இராட்டினங்களைச் சுழற்ற நீர்ச்சக்கரம், இரும்புக்குப் பதில் மரம், உலோகக் கொப்பரைக்குப் பதில் மட்கலம் என உள்ளூர்த் தச்சனும் குயவனும் ஆக்கக்கூடிய பொருள்களால் நூறு கொப்பரைகள் அமைந்தன. ஒரு கொப்பரைக்கு ஆன செலவு டொமியோக்காவின் செலவில் மிகச் சிறு பங்கே.

இதனை வெறும் மலிவுப் போலி எனக் கொள்வது தவறாகும். போலி செய்வோன் கண்டதனைத்தையும் செய்வான். தெரிந்து விடுபவன் எதை விட்டால் நூல் கெடாது என்பதை அறிந்தவனாதல் வேண்டும். சுவா மக்களுக்கு அவ்வறிவு இருந்தது. கைராட்டினத்தால் நூல் பிரித்த பழக்கமும், கூடு வாங்கி நூல் விற்ற வணிக அனுபவமும் அவர்களின் முன்னறிவாய் அமைந்தன. நூலின் தரம் கொப்பரையின் உலோகத்திலன்று, வெப்பத்தின் சீரிலும் முறுக்கின் நேர்த்தியிலும் உள்ளது என அவர்கள் கண்டனர். இதனாற் சுவா முறை விரைந்து பரவிற்று. 1870களின் இறுதியில் யப்பானின் இயந்திரப் பட்டாலைகளுள் ஏறத்தாழப் பாதி நகானோ மாகாணத்திலேயே இருந்தன. இவற்றுட் பல, சில பத்துக் கொப்பரைகளே உடைய சிற்றாலைகளாகும்.

தனித்து அன்று, கூடிக் கற்றமை

சிற்றாலைக்கு இயல்பான குறைபாடொன்று உண்டு. தன் நூல் நல்லதாயினும் அதன் அளவு சிறிது. அமெரிக்க நெசவாலைகள் ஒரே தரத்து நூலைப் பெருந்தொகையாக வேண்டி நின்றன. பத்து ஆலைகளின் பத்துவகை நூலைக் கலந்தனுப்பின் முழுப்பொதியும் மதிப்பிழக்கும். இக்குறையைத் தீர்ப்பதற்குச் சிறு முயற்சியாளர் கண்ட வழி கூட்டுச் சேர்தலே. 1879இல் ஹிரானோவில் கைமெய்ஷா என்னும் சங்கம் தோன்றிற்று. அங்கத்தவர் தத்தம் ஆலையில் நூல் பிரித்தனர். விற்பனை பொதுவாய் நடந்தது. 1884இல் மறுசுற்றுதலும் ஒரே நிலையத்திற் செய்யப்பட்டது. நூல் ஒவ்வொன்றும் அங்கு சோதிக்கப்பட்டமையால், எந்த ஆலையின் நூல் எவ்வகையிற் குறையுடையது என்பது புலனாயிற்று. ஒருவர் பிழை மற்றையோருக்கும் பாடமாயிற்று. சங்கம் விற்பனைக் கழகமாக மட்டுமன்றி, கற்கும் கழகமாகவும் தொழிற்பட்டது.

இயந்திரமின்றியும் இவ்வகைக் கற்றல் கைகூடும் என்பதற்குக் குன்மா மாகாணத்து உசுய்ஷா சான்றாகும். 1878இல் அமைந்த இச்சங்கத்தின் அங்கத்தவர் உழவர்கள். அவர்கள் வீட்டிலே கைராட்டினத்தால் நூல் பிரித்தனர். மறுசுற்றுதல், தரம் பிரித்தல், விற்றல் ஆகியவற்றைச் சங்கம் மேற்கொண்டது. சாதனம் மாறாதபோதும் அமைப்பு மாறியமையால் அவர்களின் நூல் ஏற்றுமதிச் சந்தையில் நெடுங்காலம் இடம்பெற்றது.

சந்தையிலிருந்தும் அறிவு வரவேண்டியிருந்தது. யொக்கோகாமாவில் அந்நிய வணிகர் இடைநின்றமையால், நூலை ஆக்கியோனுக்கு அதனை நெய்வோனின் குறை தெரிவதில்லை. குன்மாவிற் பட்டாலை நடத்திய ஹொஷினோ சொத்தாரோ 1876இல் தம் தம்பி அராய் றியொயிசிரோவை நியூயோர்க்குக்கு அனுப்பினார். அராய் அங்கு செய்த முதல் ஒப்பந்தத்தின் பின் பட்டின் விலை ஏறிற்று; எனினும் அவர் நட்டத்தை ஏற்று, ஒப்பிய விலைக்கே பட்டைக் கொடுத்தார். அதனால் விளைந்த நம்பிக்கை, வாங்குவோர் தம் தேவைகளையும் குறைகளையும் ஒளியாது கூறும் வாயிலாயிற்று. நூற்கழியை எவ்வாறு சுற்றினால் அமெரிக்கத் தொழிலாளி எளிதிற் பிரிப்பாள் என்பது போன்ற செய்திகள் இவ்வழியாக யப்பானை அடைந்தன.

அரசாங்கமும் பின்னர் பயனுள்ள வேறொரு பாத்திரத்தை ஏற்றது. ஆலை நடத்துவதை விடுத்துச் சோதனையும் ஆய்வும் நடத்தியது. 1896இல் யொக்கோகாமாவிற் பட்டுச் சோதனை நிலையம் தோன்றிற்று. தொயாமா கமெத்தாரோ பட்டுப்புழுக்களிற் கலப்பினம் பற்றி ஆராய்ந்து, முதற்றலைமுறைக் கலப்புப் புழுவின் மேன்மையை 1906இல் வெளியிட்டார். அடுத்துவந்த ஆண்டுகளில் அப்புழு முட்டைகள் உழவரிடையே பரவின. 1894இல் இயந்திர ஆலைகளின் உற்பத்தி கைராட்டின உற்பத்தியை விஞ்சியது. 1909 அளவில் யப்பான் சீனாவைப் பின்தள்ளி, மூலப்பட்டு ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பெற்றது.

உள்வாங்கியதும் விட்டுவிட்டதும்

இதுவரை கூறியது வெற்றியின் வரலாறு. ஆயினும் தெரிந்தெடுத்தல் என்பது விட்டுவிடுதலையும் உள்ளடக்கியது. டொமியோக்காவின் நூல் நுட்பத்தைச் சுவா ஏற்றது; அதன் வேலைநேரத்தையோ ஞாயிறு ஓய்வையோ ஏற்கவில்லை. செங்கல்லுக்குப் பதில் மரம் வந்தவாறே, எட்டு மணித்தியாலத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலங்கள் வந்தன. வறிய உழவர் வீடுகளிலிருந்து மலைக்கணவாய்களைக் கடந்து நடந்துவந்த சிறுமியர் ஆலை விடுதிகளில் அடைபட்டு உழைத்தனர். பெற்றோர் பெற்ற முற்பணம் அவர்களை ஆலையோடு பிணைத்தது.

சுவா ஆலைகளின் கூலிமுறையில் இவ்விரு பக்கங்களும் ஒன்றாய்த் தோன்றுகின்றன. பட்டு உற்பத்திச் செலவில் மிகப்பெரும்பகுதி பட்டுக்கூட்டின் விலையே. ஆகவே, குறித்த அளவு கூட்டிலிருந்து எவ்வளவு நூல் கிடைத்தது என்பதே இலாப நட்டத்தைத் தீர்மானித்தது. ஒவ்வொரு பெண்ணும் பிரித்த நூலின் நிறை, தடிப்பு, மினுக்கம் ஆகியன தனித்தனியே அளந்து பதியப்பட்டன. கற்கும் நிறுவனத்துக்கு இது அருமையான கருவியாகும். யார் நன்கு செய்கின்றார், எங்கு குறை நிகழ்கின்றது என்பதை ஆலை நாள்தோறும் அறிந்தது. ஆனால் கூலி, சக தொழிலாளரின் சராசரியோடு ஒப்பிட்டே கணிக்கப்பட்டது. மொத்தக் கூலித்தொகை மாறாதிருக்க, ஒருத்தி பெற்ற மிகுதி மற்றொருத்தி இழந்த கூலியாயிற்று. அனைவரும் திறமை பெற்றாலும் அனைவர் கூலியும் உயரவில்லை. கற்றலின் பயன் ஆலையைச் சேர்ந்தது. கற்றலின் சுமை பெண்களைச் சேர்ந்தது.

சங்கங்களின் கூட்டறிவும் இவ்வாறே இருமுகம் கொண்டது. தரத்தைப் பேணக் கூடிய ஆலை உரிமையாளர்கள், தொழிலாளர் ஓர் ஆலையிலிருந்து மற்றோர் ஆலைக்கு மாறுவதைத் தடுப்பதற்கும் கூடினர். 1886இல் கோஃபு நகரில் உரிமையாளர் சங்கம் வேலைநேரத்தை நீட்டி கூலியைக் குறைத்தபோது, பட்டாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியேறிக் கோயிலொன்றிற் கூடினர். யப்பானின் முதல் ஆலை வேலைநிறுத்தம் என இது கருதப்படுகின்றது. அப்பெண்கள் சில சலுகைகளைப் பெற்றனர். 1927இல் ஒக்காயாவின் யமாயிச்சி ஹயாஷி ஆலையில் 1,300க்கு மேற்பட்டோர் செய்த வேலைநிறுத்தமோ தோல்வியுற்றது. 1911இல் இயற்றப்பட்டு 1916இல் நடைமுறைக்கு வந்த ஆலைச் சட்டமும் பதினைந்து பேருக்குக் குறைந்த தொழிலகங்களைப் பொதுவாகத் தீண்டவில்லை.

எய்யின் காலத்தில் நூல் நுட்பம் அறிந்த பெண் ஆசிரியையாய் மதிக்கப்பட்டாள். தன் கருத்தை முகாமையாளர் முன் எடுத்துரைத்தாள். ஒரு தலைமுறை கழியுமுன் அவ்வறிவு பதிவேட்டின் எண்களுக்கு மாறிற்று. அவளும் எண்களுள் ஒன்றானாள். ஆலை அளக்கக் கற்றது, கேட்பதை மறந்தது.

முடிவுரை

1873இல் பத்துக் கைராட்டினங்களோடு தொழில் தொடங்கிய கதக்குராக் குடும்பம் இவ்வரலாற்றை முழுமையாகப் பிரதிபலிக்கின்றது. அக்குடும்பம் 1878இல் முப்பத்திரண்டு கொப்பரைகளோடு ஆலை அமைத்தது. கைமெய்ஷாவில் அங்கம் வகித்தது. கலப்பினப் புழு முட்டைகளைப் பரப்பியது. மினோரிகாவா நவோசபுரோ ஆக்கிய புதிய நூல்பிரி பொறியை ஏற்றது. 1939இல் டொமியோக்கா ஆலையே கதக்குரா நிறுவனத்தின் கைக்கு வந்தது. கற்பித்த ஆலையை, கற்றவர் வழிவந்த ஆலை தனதாக்கிக் கொண்டது. ஆனால், 1929இன் பின்னான பொருளாதார மந்தத்தில் பட்டின் விலை ஏற்கனவே சரிந்திருந்தது. 1940இல் நைலோன் காலுறை அமெரிக்கச் சந்தைக்கு வந்தபின் பழைய தேவை மீளவில்லை. டொமியோக்கா 1987இல் மூடப்பட்டது. 2014இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. போருக்குப்பின் சுவா மணிக்கூடும் புகைப்படக் கருவியும் ஆக்கும் நுண்பொறித் தொழிலுக்கு மாறியது.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கவை மூன்று. முதலாவது, விலைகொடுத்து வாங்கிய பொறி தானாக அறிவாகாது. முன்னறிவு உள்ளவிடத்தே அது வேரூன்றும். இரண்டாவது, சிறு முயற்சி தனித்துக் கற்க இயலாதவற்றைச் சங்கமாகக் கூடிக் கற்க இயலும். சிறுமை கற்றலுக்குத் தடையன்று, தனிமையே தடை. மூன்றாவது, ஒரு நிறுவனம் எதைக் கற்றது என்பதோடு எதைக் கல்லாது விட்டது என்பதையும் வினவுதல் வேண்டும். சுவாவின் ஆலைகள் பிரெஞ்சு நூலைக் கற்றன. அந்நூலைப் பிரித்த பெண்ணுக்கு ஞாயிறன்று ஓய்வு வேண்டும் என்பதைக் கற்கவில்லை. அதனைக் கற்றிருந்தால் வெற்றி குன்றியிருக்கும் என்போர், அக்கணக்கிற் சேராத செலவை யார் செலுத்தினர் என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர்.